ஆறாம் அத்தியாயம்: மாதிரி ரயிலின் விளக்குகளுக்கு வண்ணம் தீட்டும் முறை

மாதிரி ரயில் கட்டும் அன்பர்கள் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் வாரக்கணக்கில் செலவிடும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையேனும் அவற்றின் விளக்குகளுக்குச் செலவிடுவதில்லை என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். கதவும் ஜன்னலும் கைப்பிடியும் அளவு பிசகாமல் அமைந்து, பெட்டியின் நீலமும் எஞ்சினின் கருமையும் அசலோடு ஒத்துப்போய், பார்ப்பவர் மனம் ஒன்றி நிற்கும் வேளையில், கடைசிப் பெட்டியின் பின்னால் ஒட்டிய வால் விளக்கு வெறும் சிவப்புப் புள்ளியாக நின்றுவிட்டால், அந்த ஒரு புள்ளி முழு வண்டியையும் பொம்மையாக்கிவிடுகிறது. நான் முதன்முதலில் தீட்டிய வால் விளக்கும் அப்படித்தான் இருந்தது. நல்ல சிவப்பு, மெல்லிய தூரிகை, நடுங்காத கை, எல்லாம் இருந்தும், அது தகரச் சுவரில் இட்ட குங்குமப் பொட்டாகத் தெரிந்ததே ஒழிய, விளக்காகத் தெரியவில்லை.

அதன் காரணத்தை எனக்கு விளக்கியவர் ஓவியக் கலாசாலையில் பயின்றவர் அல்லர். லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் நாடெங்கும் பெயர் பெற்ற நாமக்கல்லில், ஒரு பட்டறையில் வண்ணம் பூசும் முதியவர். அவரிடம் என் விளக்கைக் காட்டி, "ஏனுங்கண்ணா, சிவப்பு சரியாத்தானுங்க இருக்குது, ஆனா வெளக்கு மாதிரி தெரியலீங்களே?" என்று கேட்டேன். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க கண்ணாடிக்கு நெறம் பூசியிருக்கறீங்க. அதுக்குள்ள வெளிச்சம் எங்க போயி விழுகுதுன்னு பாத்துப் பூசோணுமுங்க" என்றார். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே ஆகும்.

எந்தப் பாதை, எந்தக் காலம்?

தூரிகையைத் தொடுமுன் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாம் காட்டப்போவது எந்தப் பாதையை, எந்த ஆண்டை? 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில் 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்தைக் கடந்து மேற்குக் கடற்கரையை எட்டிவிட்டது. ஆனால் அதே சமவெளியில் சேலத்துக்குத் தெற்கே அமைந்த நாமக்கல் நகரமோ, சேலம் – கரூர் அகலப் பாதை திறக்கப்பட்ட 2013-ஆம் ஆண்டு வரை தன் எல்லையில் ரயிலின் ஊதலைக் கேட்டதில்லை. சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் செல்லும் பாதையோ நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்து, 2007 வாக்கில்தான் அகலப் பாதையாயிற்று. ஆகவே, ஒற்றைப் பாறையின் மீது கோட்டை தெரியும் நாமக்கல் நிலையக் காட்சியில் மண்ணெண்ணெய் விளக்கேற்றிய கைகாட்டி மரத்தை நிறுத்துவது பிழை. அங்கே மின்சார வண்ண விளக்குச் சிக்னலே பொருந்தும். ஆத்தூர்ப் பாதையின் பழைய மீட்டர் பாதைக் காட்சியை அமைப்பவருக்கோ கைகாட்டியும், அதன் ஏணியும், மாலைதோறும் அந்த ஏணியில் ஏறி விளக்கை வைத்துவிட்டு இறங்கும் ஊழியரின் உருவமுமே காட்சிக்கு உயிர் தருவன.

விளக்குகளின் கடமை

ரயில்வேயில் அலங்காரத்துக்கென்று ஒரு விளக்கும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்லவே எரிகிறது. வால் விளக்கு, வண்டி அறுபடாமல் முழுமையாக வந்து சேர்ந்தது என்பதை நிலையத்தாருக்கு உணர்த்துகிறது. கடைசிப் பெட்டியில் பகலில் தொங்கும் 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிகிள்) பலகையும், பெட்டியின் பின்புறத்தில் தீட்டிய பெரிய பெருக்கல் குறியும் அதே கடமையைச் செய்வன. சரக்கு வண்டியின் பிரேக் வேனில் பழைய நாளில் மாட்டிய பக்க விளக்குகள் முன்புறம் வெண்மையும் பின்புறம் செம்மையும் காட்டும். முன்னோக்கிய வெண்ணொளியைப் பார்த்து எஞ்சின் டிரைவரும், பின்னோக்கிய செவ்வொளியைப் பார்த்துப் பின்னால் வரும் வண்டிக்காரரும் வண்டியின் நிலையை அறிந்துகொள்வர். இதனை அறியாமல் பக்க விளக்கின் இரு முகங்களிலும் சிவப்பைத் தீட்டிவிடுவோர் பலர். கார்டின் கை விளக்கோ சிவப்பு, பச்சை, வெள்ளை என மூன்று ஒளிகளையும் மாற்றி மாற்றிக் காட்டவல்லது. ரயில்வே கேட்டின் நடுவே சிவப்பு வட்டத்தோடு தொங்கும் விளக்கு சாலையில் வருவோருக்கானது.

கைகாட்டி விளக்கைப் பற்றி இரண்டு நுட்பங்களைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் நிறமுடையது. அதன் முன் தூய பச்சைக் கண்ணாடியை வைத்தால் ஒளி மஞ்சள் கலந்து மயங்கிவிடும் என்பதால், அங்கே நீலம் தோய்ந்த கண்ணாடியே வைக்கப்பட்டது. சுடரின் மஞ்சளும் கண்ணாடியின் நீலமும் சேர்ந்துதான் தொலைவில் பச்சையாகத் தெரிந்தன. ஆதலால் விளக்கு ஏற்றாத பகற்காட்சியில் அந்த வட்டத்தை இலைப் பச்சையாக அன்றி, மயில் கழுத்தின் நீலப்பச்சையாகத் தீட்டுவதே யதார்த்தம். மற்றொன்று, விளக்கின் முதுகுப் பக்கத்தில் இருந்த சிறு துவாரம். நிலையத்திலிருந்தபடியே விளக்கு எரிகிறதா அணைந்துவிட்டதா என்று அறிவதற்காக அதன் வழியே ஒரு வெண்ணொளித் துளி பின்னால் தெரியும். விளக்கின் முதுகில் ஊசி முனையால் வைத்த ஒரு வெள்ளைப் புள்ளி, விஷயம் தெரிந்தவர் கண்ணை உடனே நிறுத்திவிடும்.

அளவு

நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் மாதிரி ரயில்கள் பெரும்பாலும் எச்.ஓ. அளவைச் சேர்ந்தவை, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. புனேயில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்தில் ஓடும் வண்டிகளும் இவ்வளவினவே. இந்த அளவின் தண்டவாள அகலமான 16.5 மி.மீ. மேனாட்டுப் பாதையின் 1,435 மி.மீட்டருக்கு ஒத்தது, நம்முடைய அகலப் பாதையின் 1,676 மி.மீட்டரைச் சரியாகச் சுருக்கினால் 19 மி.மீட்டருக்குச் சற்று மேலாக வரும். தண்டவாளத்தில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்பவர்கூட விளக்கில் பொறுக்க வேண்டியதில்லை. விளக்கை நாமே செய்கிறோம் ஆதலால், அதன் அளவு நம் கையில்தான் இருக்கிறது. 35 செ.மீ. உயரமுள்ள விளக்கு 4 மி.மீ. ஆகும், 13 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி 1.5 மி.மீ. ஆகும். கடுகைவிடச் சிறிது பெரிதான பரப்பில் வேலை செய்யப்போகிறோம் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எண்களை நம்பாமல் கண்ணை நம்பிச் செய்தவர்களின் விளக்குகள் எல்லாம் பெருத்துப் பூசணிக்காய்களாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வேண்டிய சாமான்கள்

நுனி பிரியாத 0, 00 எண் தூரிகைகள் இரண்டு, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம், பச்சை, காவி நிற அக்ரிலிக் வண்ணங்கள், சாம்பல் நிறப் பிரைமர், சிறிது வெள்ளி வண்ணம், கண்ணாடி ஓவியத்துக்கென விற்கும், ஒளி புகும் சிவப்பும் பச்சையும், நிறமற்ற நகப்பூச்சு ஒரு குப்பி, மிக மெல்லிய உப்புத்தாள், பற்குச்சிகள், குண்டூசிகள், பூதக்கண்ணாடி ஒன்று. விளக்கின் உடலுக்கு 3 மி.மீ. பிளாஸ்டிக் குச்சியும், முகப்பு விளக்கின் வளையத்துக்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் மெல்லிய வட்டத் துண்டும், கைப்பிடிக்கு மின்கம்பியின் உள்ளிருக்கும் செப்பு இழைகளில் ஒன்றும் போதும்.

நம் பிரதேசத்தின் வெயிலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்வது அவசியம். சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்துச் சமவெளியில் நண்பகலில் அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே உலர்ந்து கட்டிவிடும். மின்விசிறியைப் போட்டாலோ ஈர வண்ணத்தில் தூசி வந்து ஒட்டும். காலை எட்டு மணிக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வதும், வண்ணத்தை ஈரத்துணி மேல் வைத்த வெண்ணெய்த் தாளில் கலப்பதும் என் அனுபவத்தில் பலன் தந்த உபாயங்கள்.

உடலைத் தீட்டுதல்

விளக்கை ஒரு துளிப் பசையால் பற்குச்சியின் நுனியில் நிறுத்திக்கொண்டால், கையில் பிடிக்கும் சங்கடம் இல்லை. உப்புத்தாளால் பிசிறு நீக்கி, சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சாம்பல் பிரைமரை மெல்லியதாக ஒரு முறை பூசுக. அது உலர்ந்தபின், கை விளக்குக்கும் கைகாட்டி விளக்குக்கும் கறுப்பு; வால் விளக்குக்குச் சிவப்பு. வால் விளக்கின் உடலே சிவப்பாக இருந்ததற்குக் காரணம், பகலில் அது ஏற்றப்படாமல் தொங்கும்போதும் தன் நிறத்தாலேயே அடையாளமாகப் பயன்படவேண்டும் என்பதுதான்.

ஆனால் குப்பியிலிருந்து எடுத்த சிவப்பை அப்படியே பூசலாகாது. தொலைவில் உள்ள பொருளின் நிறம் காற்றும் தூசியும் இடையில் நிற்பதால் மங்கித் தெரிகிறது. கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் மாதிரியோ, கண்ணுக்கு நூறு கஜத் தொலைவிலுள்ள அசலாகத் தோன்ற வேண்டியது. எனவே, சிவப்பில் பத்தில் ஒரு பங்கு காவியும், மிகச் சிறிது வெள்ளையும் கலக்க வேண்டும். கறுப்பும் அவ்வாறே, தனிக் கறுப்பு சிறு பொருளைக் குழியாக்கிக் காட்டும், ஒரு துளி பழுப்பும் ஒரு துளி வெள்ளையும் சேர்ந்த கருஞ்சாம்பலே இரும்பாகத் தெரியும். உலர்ந்தபின், தூரிகையில் வெளிர்சாம்பலை எடுத்துத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளக்கின் விளிம்புகளின் மேல் மட்டும் இலேசாகத் தடவினால், மூடியின் ஓரமும் புகைக்கூண்டின் வளையமும் தாமே எழுந்து நிற்கும்.

கண்ணாடியைத் தீட்டுதல்

இனி இந்த அத்தியாயத்தின் உயிர்நிலைக்கு வருகிறோம். குவிந்த கண்ணாடியொன்றை வெளியில் வைத்துச் சிறிது நேரம் உற்றுப்பாருங்கள். மேலேயிருக்கும் வானத்தின் வெளிச்சம் கண்ணாடிக்குள் நுழைந்து, அதன் குவிவால் வளைக்கப்பட்டு, உட்புறத்தின் கீழ்ப்பகுதியில் போய் விழுகிறது. ஆகவே, கண்ணாடியின் மேற்பாதி இருண்டும் கீழ்ப்பாதி ஒளிர்ந்தும் இருக்கும். மேற்பரப்பிலோ வானத்தின் பிரதிபிம்பம் ஒரு சிறு வெண்புள்ளியாக நிற்கும். திரண்ட பொருளுக்கு மேலே வெளிச்சமும் கீழே நிழலும் என்று நாம் பழகியிருக்கும் சம்பிரதாயம் கண்ணாடியில் தலைகீழாகிவிடுகிறது. பட்டறை முதியவர் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொன்னதன் தாத்பரியம் இதுதான்.

வால் விளக்கின் சிவப்புக் கண்ணாடியை ஐந்து படிகளில் தீட்டலாம். முதலில் வட்டம் முழுவதையும் கறுப்பாக்குக. இரண்டாவதாக, மேலே ஒரு பிறை அளவு கறுப்பை விட்டுவிட்டு, எஞ்சிய பரப்பில் சிவப்போடு கறுப்பைக் கலந்த அடர்செம்மையைப் பூசுக. மூன்றாவதாக, கீழ்ப்பாதியில் தூய சிவப்பு. நான்காவதாக, கீழ் விளிம்பை ஒட்டி, நகக்கண்ணின் வெண்பிறை போல ஒரு மெல்லிய ஆரஞ்சுக் கீற்று. இவை நன்றாக உலர்ந்தபின், ஐந்தாவதாக, மேலே இடப்புறத்தில் குண்டூசியின் முனையால் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி பெரிதானால் முழு வேலையும் பாழாகும்; ஈரக் குச்சியால் உடனே துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். கடைசியில், கண்ணாடியின் மேல் மட்டும் நிறமற்ற நகப்பூச்சை ஒரு துளி வைத்தால், அது திரண்டு நின்று குவிந்த கண்ணாடியாகவே உறைந்துவிடும். உடல் பளபளக்கக் கூடாது, கண்ணாடி பளபளக்கவேண்டும். இரண்டும் ஒருசேர மின்னினால் கண் ஏமாறாது.

மற்ற நிறங்களுக்கும் கிரமம் இதுவே. நீலப்பச்சைக்கு, கறுப்பிலிருந்து ஆழ்ந்த நீலம், மயில் நிறம், வெளிர்பச்சைக் கீற்று. மஞ்சளுக்கு, அடர்பழுப்பிலிருந்து காவி, மஞ்சள், வெண்மஞ்சள். நிறமற்ற கண்ணாடியை வெள்ளையாகத் தீட்டுவதே ஆரம்ப அப்பியாசிகளின் பெரும்பிழை. எரியாத வெள்ளை விளக்கு உண்மையில் சாம்பல் நிறமானது; மேலே கருஞ்சாம்பல், கீழே நீலம் தோய்ந்த வெளிர்சாம்பல், விளிம்பில் மட்டும் வெள்ளை.

குழிவான இடத்தில் கண்ணாடி பதிக்க விரும்புவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. பழைய நகைகளில் கல்லின் அடியில் மினுங்கும் தகட்டை வைத்துப் பதித்து, கல்லுக்கு ஒளியேற்றினார்கள். வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்ற சேலத்துக்காரர்களுக்கு இத்தகைய வேலையின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுபோலவே, குழியின் அடியில் வெள்ளி வண்ணத்தைத் தீட்டி, அதன்மேல் ஒளி புகும் சிவப்பை ஒரு துளி நிரப்பினால், அறையின் வெளிச்சமே உள்ளே சென்று திரும்பிவரும். அந்த விளக்குக்குப் பொய்யான நிழல் தீட்ட வேண்டியதில்லை.

முகப்பு விளக்கு

எஞ்சினின் முகப்பு விளக்கில் முக்கியமானது கண்ணாடிக்குப் பின்னாலுள்ள குழிந்த ஆடி. எவர்சில்வர் கரண்டியின் உட்குழியில் உங்கள் முகத்தைப் பாருங்கள், தலைகீழாகத் தெரியும். முகப்பு விளக்கின் ஆடியிலும் அவ்வாறே வானம் கீழேயும் பூமி மேலேயும் தெரிகின்றன. ஆகையால் வெள்ளி வண்ணம் பூசியபின், மேற்பாதியில் நீர்த்த செம்மண் நிறத்தையும், கீழ்ப்பாதியில் மிக வெளிர்ந்த நீலத்தையும், இரண்டுக்கும் இடையில் மயிரிழை போன்ற ஒரு கருங்கோட்டையும் தீட்டுக. நம் சமவெளியின் செம்மண்ணும் வானமும் அந்த 4 மி.மீ. வட்டத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டால், எஞ்சின் வேறு எந்த நாட்டிலும் அல்ல, நம் ஊரில் நிற்கிறது என்று பார்ப்பவர் காரணம் தெரியாமலே உணர்வர்.

எரியும் விளக்கு

மாதிரியில் உண்மையாகவே ஒளியேற்ற விரும்பினால், 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் உள்ள சிறிய எல்.இ.டி.க்கள் கிடைக்கின்றன. வண்ணம் தீட்டுபவர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பிளாஸ்டிக் சுவர் ஒளியைக் கசியவிடும். ஆதலால் உடலின் உட்புறத்தில் முதலில் கறுப்பும், அதன்மேல் வெள்ளியும் பூசிய பின்பே வெளிப்புற வண்ணத்தைத் தொடவேண்டும். இரண்டாவது, ஒளியின் நிறம். 1947 முதல் நம் அகலப் பாதைகளில் ஓடிய டபிள்யூ.பி. எஞ்சினின் முகப்பு விளக்கு, நீராவியால் சுழலும் மின்னாக்கி தந்த மின்சாரத்தில் எரிந்த இழை பல்பு. அதற்கு மஞ்சள் தோய்ந்த வெண்ணொளியே தகும். மூன்றாவது, ஒளியின் அளவு. 12 வோல்ட்டில் 1,000 ஓம் மின்தடை வைத்தால் சிவப்பு எல்.இ.டி.யில் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் பாய்ந்து கண்ணைக் குத்தும்; 4,700 ஓம் வைத்தால் அது 2 மில்லி ஆம்பியராகக் குறைந்து, மண்ணெண்ணெய்ச் சுடரின் அடக்கத்தைப் பெறும்.

புகையும் புழுதியும்

பயன்பட்ட விளக்கில் பயன்பாட்டின் சுவடு இருக்க வேண்டும். அகல் விளக்கின் சுடருக்கு மேல் ஒரு தட்டைக் காட்டி, கண் மைக்கு எடுப்பது போலவே கரி எடுத்து, அதை உலர்ந்த தூரிகையால் விளக்கின் புகைக்கூண்டைச் சுற்றி மட்டும் தொட்டுவைத்தால், அதைவிடச் சிறந்த புகைக்கறை எந்தக் கடையிலும் கிடைக்காது. அடிப்பகுதிக்கு, மெல்லிய துணியில் சலித்த செம்மண். சேலத்தையடுத்த மேக்னசைட் சந்திப்பின் காட்சியை அமைப்பவராயின், வெள்ளைக்கல் சுரங்கங்களின் அருகாமையைக் காட்டச் சாக்கட்டித் தூளையும் சிறிது சேர்க்கலாம். ஆனால் கண்ணாடியின் மேல் ஒருபோதும் அழுக்குப் படியவிடாதீர்கள். மற்ற எதைத் துடைக்க மறந்தாலும் கண்ணாடியைத் துடைக்க மறக்காதவர்களே அந்த விளக்குகளை ஏந்தினார்கள்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்

நூலைப் படித்துக் கற்பதைவிட, அசலைப் பிரத்தியட்சமாகக் கண்டு கற்பது மேலானது. சேலம் ரயில்வே கோட்டத்துக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையத்துக்குச் சென்று நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள், சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகேயுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கும் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் பாருங்கள். குறிப்பேட்டில் அளவும் நிறமும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெருவிலோ உறவிலோ, மீட்டர் பாதைக் காலத்தில் போர்ட்டராகவோ கார்டாகவோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருப்பாராயின், அவரிடம் சென்று, திரியை எவ்வளவு உயரம் வைத்தார்கள், கண்ணாடியை எதனால் துடைத்தார்கள், காற்றடிக்கும் இரவில் ஏணியின் மேல் நின்று விளக்கை எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த விளக்குகள் அணைந்துவிட்டன. அவற்றை ஏற்றிய கைகள் இன்னும் சில இல்லங்களில் இருக்கின்றன. உங்கள் முதல் விளக்கை அவர்களிடம் காட்டிச் சரிபார்த்த பின்பே வண்டியில் ஒட்டுங்கள்.